கடலைவிடத் தெளிந்த தண்ணீர்

பத்து இருபதுக்கு விசாரணை அதிகாரி நோரோவா தன் பேனாவை நான்காவது முறையாக மூடினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் அப்படியே வெள்ளையாகக் கிடந்தது.

அறிக்கையில் குறை ஒன்றும் இல்லை. எழுதியதே அவள்தான். முத்துப் பண்ணைக்காரன் ரோங்கோ சனிக்கிழமை காலை கிழக்குக் குடாவில் முங்கியிருந்தான். அவன் மைத்துனன் தெய்னா ஓட்டி வந்த படகின் விசிறி தலையில் பட்டது. ஆள் அங்கேயே முடிந்தான். அதற்கு இரண்டு வாரம் முன்னால், சிப்பிக் கயிறு கட்டும் எல்லைத் தகராறில், சர்ச் வாசலில் ஊரே பார்க்க, "காயல்ல என் கண்ணுல பட்டே, படக மேல ஏத்திட்டுப் போயிடுவேன்" என்று தெய்னா கத்தியிருந்தான். சொன்னான், செய்தான். இரண்டு மணி விமானத்தில் அவனை தலைநகர்த் தீவான ரரோதோங்காவுக்கு ஏற்றிக்கொண்டு போனால் அவள் வேலை முடிந்தது. கொலை வழக்கு. அடுத்த விமானம் பதினைந்து நாள் கழித்துத்தான்.

தெய்னா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தண்ணி பால் மாதிரி இருந்துச்சு. கீழ ஆள் இருந்தது தெரியல."

காயல் தண்ணீரைத் தினமும் அளக்கும் ஆய்வுக்கூடத்து நோட்டுப் புத்தகம் வேறு மாதிரி சொன்னது. அன்று காலை கிழக்குக் குடாத் தண்ணீருக்கு அதில் எழுதியிருந்த எண் 101. முந்நூறுக்குக் கீழே இருந்தால் பச்சைக் கொடி, முங்கலாம், படகுகள் ஒதுங்கிப் போக வேண்டும். மேலே போனால் சிவப்பு. எண் குறையக் குறையத் தண்ணீர் தெளிவு. நூற்று ஒன்று என்றால் கண்ணாடி. கண்ணாடி வழியாக ஒருவனைப் பார்க்காமல் அவன்மேல் படகை ஏற்ற முடியாது.

அந்த எண்தான் இரண்டு நாளாக அவளைத் தூங்கவிடாமல் செய்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"போட்டாச்சா மேடம்?" என்று கேட்டான் மதாயோ. தீவின் ஒரே போலீஸ்காரன். ஐம்பத்தெட்டு வயது, நூற்றிருபது கிலோ. படகுத்துறையில் ரோங்கோவின் படகுக்குள் குந்தி, ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தலைப் பாதியாக வெட்டி அதால் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தான். சாட்சியப் பொருளான படகு ஆறு நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"இல்ல."

"சீக்கிரம் போடாதீங்க. இந்தத் தீவுல ஜெயில்னா என் வீட்டு சமையக்கட்டுதான். தெய்னா நேத்து மீன் வறுத்தான் பாருங்க, முப்பது வருஷக் கல்யாணத்துல நான் அப்படித் தின்னதில்ல. அவன் போயிட்டா நான் மறுபடியும் என் பொண்டாட்டி சமையலுக்குப் போகணும். அது தண்டனை எனக்கா அவனுக்கா?"

நோரோவா சிரிக்கவில்லை. பையிலிருந்து ரோங்கோவின் முங்கு கண்ணாடியை எடுத்தாள். "இத அவன் பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டு வரலாம். வா."

*

மெரே வாசலில் நின்று ஃப்ரீசரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பழைய மீன் வாடை மட்டும்.

"அக்கம்பக்கத்துக்கு எல்லாத்தையும் குடுத்துட்டேன்" என்றாள், கண்ணாடியை வாங்கிக்கொண்டு. "பேட்டரி நின்னு போச்சு. சனிக்கிழமை பாத்துக்கறேன்னாரு. கப்பல் வந்து மூணு மாசமாச்சு. இனிமே வந்தா என்ன, வராட்டி என்ன."

"உங்க தம்பியப் பாக்கணுமா? இன்னிக்கு ரெண்டு மணிக்கு…"

"எனக்குத் தம்பி இல்ல." குரல் உயரவில்லை. "அவன ஏத்தறத மட்டும் பாக்க வருவேன். கதவச் சாத்தற வரைக்கும் நின்னு பாப்பேன்."

"அன்னிக்கு ரோங்கோ எதுக்கு அவ்வளவு அவசரமாப் போனாரு?"

"கயிறு தொய்ஞ்சு சிப்பி அடி மண்ணுல கிடந்துச்சு. குடால மூணு நாளா செவப்புக் கொடி. அவருக்குப் பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள், யாரும் காயல்ல கால் வைக்கக் கூடாது, திங்கக்கிழமை வரைக்கும் சிப்பி தாங்காது. சனிக்கிழமை பச்சை ஏறுச்சு. ஆண்டவர் கண்ணத் தொறந்துட்டாருன்னு சொல்லிட்டுப் போனாரு." அவள் மறுபடியும் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

தெருவுக்கு வந்ததும் மதாயோ கேட்டான்: "இப்ப எங்க மேடம்?"

"ஆய்வுக்கூடம்."

"விமானம்?"

"அதுக்குக் கால் இல்ல. அதுவா வந்து நம்மளத் தேடாது. நட."

*

ஆய்வுக்கூடம் என்பது இரண்டு அறைக் கொட்டகை. பட்டப்பகலில் ஜன்னல்களை எல்லாம் அடைத்து உள்ளே இருட்டாக வைத்திருந்தாள் அகைதி. மெலிந்த பெண், நாற்பது வயது இருக்கும், காதில் பென்சில். மேஜை மேல் செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"மறுபடியும் என் நோட்டா?" என்றாள். "என் கை தப்பு பண்ணுச்சுன்னு எழுதப் போறீங்களா?"

"தெரியல. இந்தப் பெட்டி என்ன பண்ணும், எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"ஒரு பக்கத்துலேர்ந்து வெளிச்சம் போகும். நேரா அந்தப் பக்கம் போறத நான் கண்டுக்க மாட்டேன். தண்ணியில பட்டு, பக்கவாட்டுல சிதறி வருது பாருங்க, அத மட்டும் இங்க ஒரு கண்ணு எண்ணும். தூசு இருந்தா நிறைய சிதறும், எண் ஏறும். சுத்தமா இருந்தா கம்மி. தினமும் காலைல மொதல்ல காய்ச்சி வடிச்ச சுத்தத் தண்ணிய வச்சு, நூறுன்னு காட்டுதான்னு பாத்துக்குவேன். அப்புறம் ஒவ்வொரு குடா போத்தலா வைப்பேன்."

"போத்தல யார் கொண்டு வருவாங்க?"

"அந்தந்தக் குடாக்காரங்கதான். விடியக்காலைல மொண்டு இந்த ஜன்னல் திட்டுல வச்சுட்டுப் போவாங்க. நான் வந்து பாத்து, கொடி ஏத்திட்டு, கழுவிக் கவுத்துடுவேன். எல்லாரும் சர்ச்காரங்க. யாரும் காவல் நிக்கறதில்ல."

நோரோவா நோட்டைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமை கிழக்குக் குடா: 470. சனிக்கிழமை: 101. அதே நாள் மேற்கு 188, வடக்கு 176. காலைச் சோதனை: சரியாக நூறு. பெட்டியில் கோளாறு இல்லை.

"ராத்திரியோட ராத்திரியா நானூத்தி எழுபது நூத்தியொண்ணா எறங்குமா?"

"காத்து திரும்பினா தெளியும். அன்னிக்கு மத்தியானம் அவர எடுக்கப் போனப்ப தெளிஞ்சுதான் இருந்துச்சு. பாத்தவங்க எல்லாரும் சொல்றாங்க."

"மத்தியானம் சரி. காலைல அங்க இருந்தது ரெண்டு பேர். ஒருத்தன் செத்துட்டான், ஒருத்தன் கைதி. மூணாவது சாட்சி இந்த எண்." அவள் பக்கங்களைப் பின்னால் தள்ளினாள். ஒரு வருடம். இரண்டு. நான்கு. விரலை ஒவ்வொரு வரியிலும் ஓட்டினாள். கால் ஒன்று மேஜைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. "அகைதி, இந்த நாலு வருஷத்துல நூத்தி நாப்பத்தி மூணுக்குக் கீழ ஒரு எண்ணும் இல்ல."

"அதனால என்ன? குறைஞ்சா நல்லதுதானே?"

"ஏன் குறையல?"

அகைதி காதிலிருந்த பென்சிலை எடுத்தாள், மறுபடி செருகினாள்.

"இன்னிக்குக் காயல் தண்ணி இருக்கா?" என்றாள் நோரோவா. "வடிகட்டி இருக்கா? இருக்கறதுலயே பொடிசான துளை போட்டது?"

இருந்தது. ஊசிக் குழாயின் முனையில் மாட்டும் சின்ன வெள்ளை வில்லை. தண்ணீரை அதன் வழியாகத் தள்ள நல்ல பலம் வேண்டும். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மதாயோவைப் பார்த்தார்கள்.

"போலீஸ் வேலைக்குச் சேரும்போது இதெல்லாம் யாரும் சொல்லல" என்று அவன் உட்கார்ந்தான்.

வடிக்காத தண்ணீர், 212.

ஒரு முறை வடித்தது, 149.

இரண்டாவது முறை, 134. மதாயோவின் கழுத்து நரம்பு புடைத்தது. "இந்தக் குழாய்க்கு என்மேல என்ன கோபம்?"

மூன்றாவது, 131. நான்காவது, 130. ஐந்தாவது, 130. ஆறாவது முறையும் 130.

"போதும்" என்றான் மதாயோ. "இதுல இனிமே வடிக்க என் வேர்வைதான் இருக்கு."

"இன்னொரு தடவ."

நூற்று முப்பது. பெட்டியின் சிவப்பு எழுத்துகள் அசையாமல் நின்றன. நோரோவா கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து.

"தூசு ஒண்ணு விடாம எடுத்தாச்சு" என்றாள் அகைதி மெதுவாக. "ஆனா சுத்தத் தண்ணி நூறு. இது நூத்தி முப்பது. அந்த முப்பது எங்கேர்ந்து…" நிறுத்தினாள். ஊசிக் குழாயிலிருந்து ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். "உப்பு."

"உப்பு கரைஞ்சிருச்சேம்மா" என்றான் மதாயோ. "கரைஞ்ச உப்பு எங்கருந்து தெரியும்?"

"உனக்கும் எனக்கும் தெரியாது. வெளிச்சத்துக்குத் தெரியுது. கரைஞ்சாலும் உள்ளதானே இருக்கு, அதுலயும் பட்டுச் சிதறும். வடிகட்டியில மாட்டாது. எவ்வளவு சுத்தமான கடலா இருந்தாலும் அந்த முப்பது கூடவே வரும்." அகைதி நோட்டில் சனிக்கிழமை வரியின் மேல் விரலை வைத்தாள். "நூத்தியொண்ணு கடல் தண்ணியே இல்ல. நான் என் கையால அளந்தேன். என் கையால பச்சைக் கொடி ஏத்தினேன்."

"எண்ணப் பாத்ததும் உறைக்கலயா?"

"முந்நூறுக்கு மேல போகுதான்னு பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க. கீழ எவ்வளவு போகுதுன்னு பாக்கச் சொல்லிக் குடுக்கல." நோட்டை மூடினாள். "கீழ போனா சந்தோஷப்படுவேன்."

மதாயோ சுவரில் சாய்ந்து நிமிர்ந்தான். "அப்ப யாரோ போத்தல மாத்திட்டான். தெய்னாவ மாட்டிவிட."

"யாரு? ரோங்கோ சாகப் போறான்னு முன்னாடியே தெரிஞ்சவனா?" நோரோவா அறைக்குள் நடக்க ஆரம்பித்தாள். நான்கு எட்டில் சுவர் வந்தது, திரும்பினாள். "ஆள விடு. தண்ணியப் பிடி. இந்தத் தீவுல சுத்தத் தண்ணி எங்க கிடைக்கும்? உன்கிட்ட இருக்கறது?"

அகைதி அலமாரியைத் திறந்து காட்டினாள். இரண்டு ஜாடி முத்திரை உடையாமல். மூன்றாவதில் மட்டம் குறைவதைத் தினமும் கோடு போட்டிருந்தாள். ஒரு நாளும் வழக்கத்துக்கு மேல் குறையவில்லை.

"மழைத் தண்ணி?"

கூரைத் தொட்டியிலிருந்து ஒரு குவளை பிடித்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். 640.

"அடக் கடவுளே" என்றான் மதாயோ. "அதத்தானே நாம குடிக்கிறோம்?"

"உங்க வீட்டுத் தொட்டியில பல்லி குடும்பம் நடத்துது, இன்னும் மேல போகும்" என்றாள் அகைதி.

நோரோவா நின்றாள். கூரைக்கடியில் இருந்த மின்விசிறி கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். விசிறி. கம்பி. மூலையில் வரிசையாக பேட்டரிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மூடி.

"மதாயோ. மெரே வீட்டு ஃப்ரீசர் ஏன் நின்னுச்சு?"

"பேட்டரி காஞ்சிருக்கும். இங்க எல்லாருக்கும் சூரிய வெளிச்சக் கரண்ட்தான். மாசா மாசம் பேட்டரிக்கு சுத்தத் தண்ணி ஊத்தணும். கப்பல்ல போத்தல் போத்தலா வரும், துறையில இறக்கும்போதே வீட்டுப் பேரு எழுதிக் குடுப்பாங்க, இல்லாட்டி அடிதடி ஆயிடும். இப்ப கப்பல் வரல, எல்லாரும் கடைசி போத்தல வச்சுக்கிட்டு…"

அவன் பேச்சு பாதியில் நின்றது. மதாயோ பேச்சை நிறுத்தி நோரோவா பார்த்தது இதுதான் முதல் தடவை.

"என்ன?"

"மேடம், என்னைக் கைது பண்ணணும்னா யாரு பண்ணுவா?"

"ஏன்?"

"இங்க போலீஸ் நான் ஒருத்தன்தானே, அதான் கேட்டேன்." எழுந்தான். "துறைக்கு வாங்க."

*

ரோங்கோவின் படகுக்குள் அரைச்சாண் தண்ணீரில் அந்த வெட்டிய வெள்ளைப் போத்தல் மிதந்துகொண்டிருந்தது. மதாயோ எடுத்து நீட்டினான். ஒரு பக்கத்தில் மின்னல் படம், தேய்ந்து போயிருந்தது. மறுபக்கத்தில் அழியாத கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்த பெயர், மெரே.

"படகுல முன்பக்கப் பலகைக்கு அடியில கிடந்துச்சு. காலியா. மூடி நல்லா இறுகியிருந்துச்சு. படகு ஒழுகிட்டு இருந்துச்சு, கத்தி கையில இருந்துச்சு." அவன் மூக்கைச் சொறிந்தான். "ஆறு நாளா சாட்சியால சாட்சியக் காப்பாத்திட்டு இருந்திருக்கேன்."

திட்ட நேரமில்லை. ஸ்டேஷனில் பேட்டரிக்கென்று வைத்திருந்த போத்தலை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார்கள். உண்மையில் நோரோவா ஓடினாள், மதாயோ ஓடுவது போல் ஏதோ செய்தான். அகைதி அந்தத் தண்ணீரைக் குவளையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

101.

மூவரும் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போத்தல யாரும் மாத்தல" என்றாள் நோரோவா. "சரியான ஆள்தான் சரியான போத்தல ஜன்னல்ல வச்சுட்டுப் போனான். உள்ள மட்டும் குடாத் தண்ணி இல்ல."

"ரோங்கோவா?" என்றாள் அகைதி. "அவரு சர்ச் மூப்பர்."

"கொடி செவப்பா இருக்கும்போது முங்கினா ஒரு வருஷம் உரிமம் போயிடும். கொடி பச்சையாகணும். எது ரொம்பச் சுத்தமோ அத ஊத்தினா போதும்னு நெனச்சான். கடல வடிகட்டி ஊத்தியிருந்தா நாம சாகற வரைக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம். தெய்னா அன்னிக்கு அவன் பண்ணை இருக்கற குட்டித் தீவுலேர்ந்து நேரா வந்தான், கொடியவே பாத்திருக்க மாட்டான். மூணு நாளா செவப்பு, தண்ணியும் பால். எவன் முங்கப் போறான்னு படகக் குறுக்க விட்டான். ரோங்கோவோட படகு சிப்பிக் குடிசைக்குப் பின்னால, மறைவுல." அவள் அறிக்கையை இரண்டாக மடித்தாள். "அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணு. அது உண்மை."

மதாயோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இத மெரேகிட்ட நான் சொல்ல மாட்டேன் மேடம். மறுபடியும் வடிகட்டச் சொன்னாக்கூட வடிகட்டறேன்."

*

ஒன்று நாற்பது. விமானம் இறங்கி நின்றிருந்தது. ஓடுபாதை ஓரத்துப் பெஞ்சில் தெய்னா, முழங்கால் நடுவில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய துணிப்பை ஏற்கெனவே தள்ளுவண்டியில் ஏறியிருந்தது. இருபது எட்டு தள்ளி, தென்னை நிழலில் மெரே நின்றாள். கதவு சாத்துவதைப் பார்க்க வந்தவள்.

நோரோவா அவளிடம் போய் வெட்டிய போத்தலைக் கொடுத்தாள்.

மெரே திருப்பிப் பார்த்தாள். "இது எங்க வீட்டுது. யாரு வெட்டினது?"

"அத விடுங்க. கடைசியா இதுல தண்ணி எப்ப இருந்துச்சு?"

"சனிக்கிழமை. விடியறதுக்கு முன்னாடி எடுத்துட்டுக் கெளம்பினாரு. பேட்டரி இங்க இருக்கு, தண்ணிய எங்க தூக்கிட்டுப் போறீங்கன்னு கேட்டேன். திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு…" நிறுத்தினாள். நோரோவாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த போத்தலை.

நோரோவா சுற்றி வளைக்கவில்லை. நான்கு வாக்கியத்தில் சொன்னாள். நடுவில் விமானி ஒரு முறை கையை ஆட்டிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

மெரேயின் கட்டை விரல் தன் பெயரின் மேல் முன்னும் பின்னும் போய் வந்தது.

"இத எழுதுவீங்களா?"

"எழுதுவேன். எழுதினாதான் அவன் மேல கொலை கேஸ் இல்ல. கொடியப் பாக்காம ஓட்டினதுக்கு ஒரு கேஸ் வரும், அது இங்கயே நடக்கும்."

"சர்ச்ல சத்தம் போட்டு வாசிப்பாங்களா?"

"அது என் கையில இல்ல."

"நான் மூணு நாளா அவருகிட்ட சொல்லிட்டே இருந்தேன்" என்றாள் மெரே. "சிப்பி போனாப் போகட்டும்னு."

அவள் நடந்தாள். பெஞ்சுப் பக்கம் போகாமல் தள்ளுவண்டிக்குப் போனாள். அதிலிருந்த துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். தெய்னா எழுந்து நின்றான். ஓடலாமா, மண்டியிடலாமா என்று தெரியாதவன் போல நின்றான்.

"அக்கா" என்றான்.

"பேசாத." அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "ஆறு நாளா வீட்டுல கரண்ட் இல்ல. பேட்டரி மூடிய என்னால திருக முடியல. வா."

மதாயோ ஸ்டேஷன் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. தெய்னா தாண்டிப் போகும்போது அதை அவன் கையில் வைத்து அழுத்தினான்.

"சாயங்காலம் மீன் வறுக்க வருவியாடா?" என்று கேட்டான்.

அக்காளும் தம்பியும் பத்தடி இடைவெளி விட்டு மணல் பாதையில் போனார்கள். போத்தலைச் சாய்க்காமல், ஒரு சொட்டுச் சிந்தாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெய்னா பின்னால் நடந்தான்.

நோரோவா பேனாவைத் திறந்தாள். கொலை என்று எழுதியிருந்த இடத்தில் கோடு போட்டாள். விமானி வந்து, எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்று கேட்டான்.

"ஒருத்தர்" என்றாள்.